மாணவர் ஆய்வுத் திட்டம் பாதியில் சிக்கிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மாணவர்களே கேள்வி கேட்டு, அவர்களே சோதனை செய்து, அவர்களே முடிவு சொல்லும் ஆய்வுத் திட்டம் ஒன்றை வகுப்பில் நடத்தத் தொடங்கினால், முதல் வாரம் உற்சாகமாகப் போகும். மூன்றாவது வாரத்தில் ஏதோ ஒன்று இடிக்கும். ஒரு குழு சும்மா உட்கார்ந்திருக்கும், இன்னொரு குழுவின் எண்கள் எங்கெங்கோ போகும், மூன்றாவது குழு அழாத குறையாக “எங்களுக்கு வரவே இல்லை டீச்சர்” என்று வந்து நிற்கும்.

பல ஆண்டுகள் இதை நடத்தியதில் நான் கண்டது இதுதான்: மூன்றாவது வாரத்தில் தலைகாட்டும் கோளாறுக்கு வேர் பெரும்பாலும் முதல் வாரத்தில் இருக்கிறது. ஒன்று, கேள்வி மாணவருடையதாகவோ அளக்கக்கூடியதாகவோ அமைந்திருக்காது. இல்லையென்றால், ஒத்திகை பார்க்காமல் நேரே சோதனையில் இறங்கியிருப்பார்கள். அதனால் கீழே எந்த அறிகுறியைப் படித்தாலும், ஒரு படி பின்னால் போகச் சொல்வேன். போகத் தயங்காதீர்கள். ஒரு வகுப்பு நேரம் செலவாகும், மிச்சமுள்ள வாரங்கள் பிழைக்கும்.

வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் இப்போது எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

“என்ன தலைப்பு எடுக்கலாம்?” என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது

பிள்ளைகளிடம் கேள்வியே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். வெறும் கரும்பலகையைக் காட்டி “கேள்வி சொல்” என்றால் பெரியவர்களுக்கும்தான் வாய் அடைத்துப்போகும். கண்முன்னால் ஏதாவது நடந்தால்தான் கேள்வி முளைக்கும்.

தலைப்புக் கேட்பதை ஒருநாள் தள்ளிப்போட்டு, 20 நிமிடம் எதையாவது பார்க்க விடுங்கள். நான் அதிகம் நம்புவது பனிக்கட்டியை. இரண்டு கண்ணாடி டம்ளர்களில் அறை வெப்பநிலையில் தண்ணீர். ஒன்றில் மட்டும் உப்பை நன்றாகக் கரைத்து வையுங்கள். சாயம் கலந்து உறையவைத்த, ஒரே அளவுள்ள இரண்டு பனிக்கட்டிகளை ஒரே நேரத்தில் இரண்டிலும் போடுங்கள். எது முதலில் கரையும் என்று கை தூக்கச் சொன்னால், பெரும்பாலான கைகள் உப்புத் தண்ணீருக்கு எழும். உப்பு பனியை உருக்கும் என்பது பலரும் கேள்விப்பட்ட விஷயம். நடப்பது தலைகீழ். சாதாரணத் தண்ணீரில் போட்டது சீக்கிரம் காணாமல் போகும். உப்புத் தண்ணீரில் போட்டது நிதானமாக மிதந்துகொண்டிருக்கும். சாயத்தை உற்றுப் பார்த்தால் காரணம் தெரியும். சாதாரண டம்ளரில் சாயம் நூல் நூலாக அடிக்கு இறங்கும். உருகிய குளிர்நீர் கீழே போக, அந்த இடத்துக்கு வெதுவெதுப்பான நீர் வந்துகொண்டே இருக்கும். உப்பு டம்ளரில் உருகிய நன்னீர் எடை குறைவு என்பதால் மேலேயே தங்கி, பனிக்கட்டியைச் சுற்றிக் குளிர்ந்த போர்வை மாதிரி நிற்கும்.

இந்தக் காரணத்தை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வாயைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் கேட்பதை எல்லாம் அப்படியே பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கேட்டவர் பெயரையும் எழுதுங்கள். உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டால்? பாதி உப்பு போட்டால்? கலக்கிக்கொண்டே இருந்தால்? கடைசிக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு, அந்தப் போர்வையைத் தான் கலைக்கப்போகிறோம் என்பது இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆய்வு. பெயர் எழுதுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தன் பெயர் ஒட்டிய கேள்வியை யாரும் பாதியில் கைவிடுவதில்லை.

இன்றைய தான்சானியாவில் 1963-இல் எராஸ்டோ ம்பெம்பா என்ற பள்ளி மாணவர், ஐஸ்கிரீமுக்கான பால் கலவையை ஆறவைக்காமல் சூடாகவே உறைபெட்டியில் வைத்தார். ஆறவைத்து வைத்தவர்களுடையதைவிட அது முதலில் உறைந்தது. ஏன் என்று ஆசிரியரைக் கேட்டார். நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை. பின்னாளில் பள்ளிக்கு வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஆஸ்போர்ன் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. இன்றும் அந்த நிகழ்வு அந்த மாணவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. உங்கள் பலகையில் இருக்கும் கேள்விகளில் அப்படி ஒன்று இருக்கலாம். அதனால் எதையும் “இது தப்பான கேள்வி” என்று அழித்துவிடாதீர்கள்.

தலைப்பு இருக்கிறது, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை

“சுற்றுச்சூழல் மாசு”, “காலநிலை மாற்றம்”, “விண்வெளி” என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஆர்வம் உண்மையானதுதான், கேள்விதான் இன்னும் பிறக்கவில்லை. இந்த நிலையில் விட்டால் இரண்டாவது வாரம் இணையத்தில் இருந்து நகல் எடுத்த பக்கங்கள் வந்து குவியும்.

முதலில் ஒரு பிரிவினையைச் சொல்லிக்கொடுங்கள். தேடிப் பார்த்தால் பதில் கிடைக்கும் கேள்வி ஒரு வகை. செய்து பார்த்தால்தான் பதில் கிடைக்கும் கேள்வி இன்னொரு வகை. “செவ்வாய்க்கு எத்தனை நிலவுகள்?” என்பது முதல் வகை, இரண்டு என்று தேடியதும் தெரிந்துவிடும். “காகிதச் சுழலியின் இறக்கையை நீளமாக்கினால் அது தரைக்கு வர எவ்வளவு கூடுதல் நேரம் ஆகும்?” என்பது இரண்டாம் வகை. திட்டத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

பிறகு நான்கே கேள்விகள். எதை மாற்றப்போகிறாய்? எதை அளக்கப்போகிறாய்? எந்தக் கருவியால் அளப்பாய்? எத்தனை நாளில் முடியும்? நான்குக்கும் ஒரே வரியில் பதில் எழுத முடிந்தால் கேள்வி தயார்.

ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு குழு “இசை கேட்டால் செடி நன்றாக வளருமா?” என்று கேட்கும். இதை எப்படிச் செதுக்குவது என்று பார்ப்போம். “நன்றாக” என்றால் என்ன? உயரமா, இலை எண்ணிக்கையா? உயரம் என்கிறார்கள். சரி, எங்கிருந்து எதுவரை? மண்மட்டத்தில் இருந்து நுனி மொட்டுவரை. செடி சாய்ந்திருந்தால் நிமிர்த்தி அளப்பதா, அப்படியே அளப்பதா? இங்கேதான் குழு முதல்முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும். இசை என்றால் எந்த இசை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எவ்வளவு சத்தம்? இசை கேட்கும் தொட்டி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி மின்இணைப்புக்குப் பக்கத்தில், மின்இணைப்பு சன்னலுக்குப் பக்கத்தில் என்றால், செடி வளர்ந்தது பாட்டாலா வெளிச்சத்தாலா? அரைமணி நேரம் இப்படிப் பேசிய குழு, மாற்றுவது ஒன்று, அளப்பது ஒன்று, மற்றதெல்லாம் மாறாமல் பார்த்துக்கொள்வது என்ற பாடத்தைத் தானாகவே படித்துவிட்டது. சார்பற்ற மாறி, சார்ந்த மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொன்னால் ஒட்டிக்கொள்ளும். முதலிலேயே சொன்னால் மனப்பாடம்தான் நடக்கும்.

கண்காட்சிக்கு வைக்கும் மாதிரியைத் திட்டம் என்கிறார்கள்

எரிமலை, சூரியக் குடும்பம், காற்றாலை. செய்த உழைப்பைக் குறை சொல்லாமல், அந்த மாதிரியிடமே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எரிமலை என்றால், வினிகர் அளவை மாற்றாமல் சமையல் சோடாவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நுரை கூடிக்கொண்டே போகுமா, ஒரு கட்டத்தில் நின்றுவிடுமா? நிற்கும். வினிகர் முழுவதும் வினைபுரிந்து தீர்ந்த பிறகு சோடாவைக் கூட்டிப் பயனில்லை. எந்த அளவில் நிற்கிறது என்று தேடத் தொடங்கினால் மாதிரி ஆய்வாகிவிடும். களிமண் மலையை வீட்டில் வைத்துவிட்டு ஓர் அளவு உருளையோடு வந்தால் போதும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “அடுத்து என்ன செய்யணும் டீச்சர்?”

இந்தக் கோளாறு மாணவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. சொல்லக் கடினமாக இருந்தாலும் சொல்கிறேன். கேட்டதும் பதில் கொடுத்துப் பழக்கியவர்கள் நாம்தான். கேட்டால் கிடைக்கும் என்று அவர்கள் சரியாகவே கற்றுக்கொண்டார்கள்.

எந்த முடிவு யாருடையது என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். என் கையில் நான்கைத்தான் வைத்துக்கொள்கிறேன்: பாதுகாப்பு, கடைசித் தேதி, பொருட்களுக்கான வரம்பு, உயிர்களுக்குத் தீங்கு கூடாது என்ற விதி. கேள்வி, முறை, எத்தனை தடவை அளப்பது, அட்டவணையின் வடிவம், வரைபடம், முடிவு எல்லாம் குழுவுடையவை. யாராவது வந்து “10 செ.மீ. வைக்கவா, 20 செ.மீ. வைக்கவா?” என்றால், சுவரில் இருக்கும் தாளைக் காட்டி, “இது உங்கள் பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்பேன். முதல் வாரம் முகம் சுருங்கும். இரண்டாவது வாரம் கேட்க வருவது குறையும். அப்புறம் வந்து சொல்லத் தொடங்குவார்கள்.

தப்பான முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பதுதான் இந்த வேலையில் மிகக் கஷ்டமானது. எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. அந்தத் தவறு ஒரு வகுப்பு நேரத்தை மட்டும் வீணாக்கும் என்றால் விட்டுவிடுவேன், அவர்களே கண்டுபிடிக்கட்டும். மூன்று வாரத்தைத் தின்றுவிடும் என்றால், “இந்த எண் வந்தால் என்ன முடிவு சொல்வீர்கள்? வேறு எண் வந்தால்?” என்று கேட்பேன். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், முறையில் ஓட்டை இருப்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இதே கோளாறு வீட்டில் இருந்தும் வரலாம். திடீரென்று ஒரு திங்கள்கிழமை எழுத்து முத்து முத்தாக மாறி, வரைபடம் அச்சில் வந்தால் யார் செய்தது என்று விசாரிக்க வேண்டாம், பிள்ளைதான் கூனிக்குறுகும். அளவீடுகள் எல்லாம் வகுப்பில்தான், குறிப்பேடு வகுப்பு அலமாரியில்தான் என்று விதியை மாற்றிவிடுங்கள்.

ஒருவர் வேலை செய்கிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள்

குழுவில் ஐந்து பேர் இருந்தால் இரண்டு பேருக்கு வேலை இருக்காது. மூன்று பேர் போதும். அளப்பவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என்று பிரித்து ஒவ்வொரு நாளும் சுழற்றுங்கள். அதைவிட நல்ல வழி, ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு தொகுதி அளவீடு கொடுப்பது. ஒரே சோதனையை மூவரும் தனித்தனியாகச் செய்தால் மூன்று தொகுதித் தரவு கிடைக்கும், யாரும் ஒதுங்கவும் முடியாது.

ஒரே சோதனையை மறுபடி செய்தால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாணவர்கள் மனம் உடைவது இங்கேதான், அவர்கள் விஞ்ஞானியாகத் தொடங்குவதும் இங்கேதான்.

ஊசலை எடுத்துக்கொள்வோம். 1 மீட்டர் நீள நூலில் ஒரு குண்டு. சிறிய கோணத்தில் இழுத்துவிட்டால் ஒரு முழு அலைவுக்கு, அதாவது போய்த் திரும்பி வர, ஏறக்குறைய 2.0 வினாடி ஆகும். நூலை 25 செ.மீ. ஆக்கினால் 1.0 வினாடி. சரியான விடை உங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், மாணவரின் எண்ணைப் பார்த்தே எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு தடவை 1.7, அடுத்த தடவை 2.3 என்று குதிக்கிறதா? ஒரே ஒரு அலைவை அளக்கிறார்கள். கண் பார்த்து விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 வினாடி போகிறது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. 2 வினாடியில் 0.2 பிசகினால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 10 அலைவுக்குச் சேர்த்து அளந்து 10-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அதே பிசகு நூறில் ஒரு பங்காகச் சுருங்கும்.

எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன, ஆனால் எல்லாமே 1.8 பக்கம் நிற்கின்றனவா? பிள்ளைகள் எண்ணுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே “ஒன்று” என்று தொடங்கியிருப்பார்கள். “பத்து” என்று சொல்லும்போது உண்மையில் ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும்: 18 வினாடி, பத்தால் வகுத்தால் 1.8. அழுத்தும்போது “பூஜ்யம்” என்று சொல்லச் சொன்னால் போதும். ஒருமுறை ஒரு குழு இரண்டு வகுப்பு நேரம் நூலை மாற்றி, குண்டை மாற்றிப் போராடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்று அவர்களோடு சேர்ந்து சத்தமாக எண்ணினேன். என் “பூஜ்யம்” கேட்டதும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்தி, நிமிர்ந்து, “அய்யோ, ஒன்பதுதான்” என்றாள். அவ்வளவுதான் நான் செய்தது. பழைய எண்களை அடிக்காமல், ஒவ்வொன்றையும் பத்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்துக்கொள்ளலாமா என்று அடுத்த கேள்வியும் அவளே கேட்டாள்.

எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தால் நூலின் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பாருங்கள். முடிச்சில் இருந்து குண்டின் மேல்பகுதிவரை அளப்பார்கள். குண்டின் நடுவரை அளக்க வேண்டும். இன்னும் ஒரு நுணுக்கம்: குண்டு ஓரத்தில் திரும்பும் இடத்தில் நேரம் எடுக்காமல், நடுவில் கடக்கும் இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் அது மெதுவாக நின்று திரும்புவதால் எப்போது திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் சட்டென்று கடக்கும்.

ஊசலுக்குச் சொன்னது எல்லாச் சோதனைக்கும் பொருந்தும். எண்கள் இரண்டு பக்கமும் சிதறினால் கருவியையும் கையையும் பாருங்கள், தடவைகளைக் கூட்டுங்கள். எண்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் தடவைகளைக் கூட்டிப் பயனில்லை, முறையில் ஏதோ ஒன்று நிரந்தரமாகத் தப்பாக இருக்கிறது. ம்பெம்பா கேள்விக்கே இப்படி ஒரு திருப்பம் வந்தது. 2016-இல் அதை மறுபடி சோதித்த இரு ஆய்வாளர்கள், சூடான நீர் சீக்கிரம் குளிர்கிறது என்பதற்குத் தங்களுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றும், வெப்பமானியை வைக்கும் உயரம் சிறிது மாறினாலே அப்படி ஒரு தோற்றம் வரலாம் என்றும் எழுதினார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. வெப்பமானியைக் கையில் வாங்கும் ஒவ்வொரு குழுவிடமும் இதைச் சொல்கிறேன்: எவ்வளவு ஆழத்தில் வைத்தாய் என்று குறிப்பேட்டில் எழுது.

வித்தியாசம் வந்துவிட்டது என்று துள்ளுகிறார்கள், எனக்கு நம்பிக்கை வரவில்லை

10 விதையில் ஒரு தொட்டியில் 7 முளைத்தது, மற்றதில் 5. “எங்கள் உரம் வேலை செய்கிறது!” மகிழ்ச்சியைக் கெடுக்காமல் ஒரு நாணயத்தைக் கொடுங்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் 10 தடவை சுண்டி, எத்தனை தலை விழுந்தது என்று பலகையில் கோடு போடட்டும். நாணயத்தில் எந்தத் தந்திரமும் இல்லை. ஆனாலும் 7 அல்லது அதற்கு மேல் தலை விழ 17 சதவீத வாய்ப்பு உண்டு. 36 பேர் வகுப்பில் ஏறக்குறைய ஆறு பேருக்கு அப்படி வரும். பலகையில் அந்த ஆறு கோடுகளைப் பார்த்த பிறகு, “நம் விதையும் இப்படித்தானோ?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்வரை காத்திருங்கள்.

விடை, விதையைக் கூட்டுவது. ஒவ்வொரு பக்கமும் 50 வைத்தால் பேச்சில் கொஞ்சம் வலு வரும். இடமும் பொருளும் போதாவிட்டால் எல்லாக் குழுக்களும் ஒரே சோதனையைச் செய்து தரவைச் சேர்க்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறு, அளப்பவரின் ஆசை. எந்தத் தொட்டி உரம் போட்டது என்று தெரிந்தால், முளைத்ததா இல்லையா என்ற சந்தேகத்தில் கண் ஒரு பக்கம் சாயும். தொட்டிகளுக்கு எண் மட்டும் ஒட்டி, எது எது என்று தெரியாதவரை அளக்கச் செய்யுங்கள். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற சிறுமி, 9 வயதில் பள்ளித் திட்டமாக ஒரு சோதனை செய்தார். நோயாளியைத் தொடாமலேயே அவர் உடலைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர முடியும் என்று சொன்ன 21 பேரை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் துளை வழியே நீட்டச் சொன்னார். நாணயம் சுண்டி, அதன்படி ஒரு கைக்கு மேலே தன் கையை வைத்து, எந்தக் கை என்று கேட்டார். 280 முயற்சிகளில் 123 சரி, அதாவது 44 சதவீதம். கண்ணை மூடிச் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998-இல், அவருக்கு 11 வயது இருக்கும்போது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது கட்டுரையாக வந்தது. ஓர் அட்டை, ஒரு நாணயம், ஒரு குறிப்பேடு. உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் முதுகு நிமிரும்.

நினைத்தது வரவில்லை, எண்களைத் திருத்துகிறார்கள்

அழிப்பானின் துகள் குறிப்பேட்டில் ஒட்டியிருந்தால் முதலில் உங்கள் மதிப்பெண் முறையைப் பாருங்கள். “முடிவு சரியா?” என்பதற்கு மதிப்பெண் கொடுத்தால், முடிவைச் சரியாக்கித்தான் கொடுப்பார்கள். முடிவுக்கு மதிப்பெண்ணே வேண்டாம். கேள்வி, முறை, குறிப்பேட்டின் நேர்மை, எண்களுக்கும் சொன்ன முடிவுக்கும் உள்ள பொருத்தம், இவற்றுக்குக் கொடுங்கள். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குறிப்பேட்டில் பேனா மட்டும்தான். தப்பாக எழுதினால் ஒரே கோடு. அடியில் இருக்கும் எண் படிக்கும்படி இருக்க வேண்டும். சோதனைக்கு முன்பே “என்ன வரும் என்று நினைக்கிறோம், ஏன்” என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். பின்னால் கணிப்பு பொய்த்தால், அந்தப் பக்கத்தைத் திறந்து, “இங்கே நாம் எதை நினைத்துப் பார்க்கவில்லை?” என்று பேசலாம்.

1887-இல் மைக்கல்சனும் மார்லியும் ஒளி பரவத் தேவை என்று அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தின் வழியே பூமி நகர்வதை ஒளியைக் கொண்டு அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த வித்தியாசம் வரவில்லை. வராததை அப்படியே வெளியிட்டார்கள். இயற்பியல் வரலாற்றில் அந்த “வரவில்லை” எவ்வளவு பெரிய இடம் பிடித்தது என்று மேல்வகுப்பு மாணவர்களுக்குச் சொல்லலாம். சின்ன வகுப்புக்கு இவ்வளவு தேவையில்லை. அவர்கள் கொண்டுவரும் “வரலை டீச்சர்” என்ற சொல்லுக்கு உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். ஆர்வமாகச் சாய்ந்து “அப்படியா, என்ன வந்தது?” என்று கேளுங்கள்.

நாட்கள் போதவில்லை

ஆறு வாரத் திட்டம் என்றால் பின்னாலிருந்து எண்ணுங்கள். கடைசி வாரம் எழுதவும் பேசவும். அதற்கு முந்தையது தரவைப் பார்க்கவும் விட்டுப்போனதை மறுபடி அளக்கவும். அளவீட்டுக்கு இரண்டு வாரம். ஒத்திகைக்கு ஒரு வாரம். கேள்விக்கு ஒரு வாரம். எங்கு நேரம் குறைந்தாலும் ஒத்திகையில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒத்திகை என்றால் முழுச் சோதனையையும் மிகச் சிறிய அளவில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது: மூன்று விதை, இரண்டு அளவீடு, காலியாக வரைந்து வைத்த அட்டவணை. அட்டவணையை முதலில் வரையச் சொல்வதில் ஒரு லாபம் உண்டு. எந்தக் கட்டத்தில் எந்த எண் வரும் என்று தெரியாத குழு, சோதனைக்கு இன்னும் தயாராகவில்லை.

உயிருள்ளவற்றோடு வேலை என்றால் நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை ஊறவைத்த பயறு சனி, ஞாயிறில் முளைவிட்டுவிடும். திங்கள் காலை எல்லாம் முளைத்து நிற்கும். எது முதலில் முளைத்தது என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். திங்கள்கிழமை ஊறவையுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

இங்கே மட்டும் காத்திருக்கவும் விட்டுப்பிடிக்கவும் வேண்டாம். பூஞ்சை வளர்த்த பையையோ, நுண்ணுயிர் வளர்த்த தட்டையோ யாராவது திறந்து பார்க்கப் போனால் உடனே தடுங்கள். மூடி ஒட்டியபடியே வெளியில் இருந்து பார்க்க வேண்டும், திறக்காமலே முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். பெயர் தெரியாத திரவங்களைக் கலந்து பார்ப்பது, அதிலும் வெளுப்பானை வினிகரோடோ அமோனியாவோடோ சேர்ப்பது நச்சு வாயுவை உண்டாக்கும். சக மாணவர்களை வைத்துச் சோதனை என்றால் அவர்களிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். பாதியில் விலகிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. எடை, உடல்நலம் போன்ற எண்களைப் பெயரோடு அட்டவணையில் போடவே கூடாது. விலங்கைப் பட்டினி போட்டோ வருத்தியோ செய்யும் எதையும், கேள்வி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கூர்ந்து கவனித்தலாக மாற்றிவிடுங்கள்.

திரையில் இருப்பதை வாசிக்கிறார்கள், கேள்வி கேட்டால் விழிக்கிறார்கள்

தாங்கள் செய்ததைத் தங்கள் சொல்லில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை என்று அர்த்தம். கடைசி நாள்வரை காத்திருக்காமல், மூன்றாவது வாரத்தில் இருந்தே ஒவ்வொரு குழுவும் பக்கத்துக் குழுவுக்கு இரண்டு நிமிடம், கையில் தாள் இல்லாமல் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். கேட்கும் குழு ஒரு சந்தேகமாவது எழுப்ப வேண்டும். அது குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

மொழியைத் திருத்தாதீர்கள். இங்கிலாந்தில் பிளாக்காட்டன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் 8 முதல் 10 வயதுள்ள 25 பிள்ளைகள், வண்டுத்தேனீக்கள் எந்தப் பூவுக்குப் போவது என்று முடிவெடுக்க நிறத்தையும் இட அமைப்பையும் பயன்படுத்துகின்றனவா என்று ஆராய்ந்தார்கள். கேள்வியும் சோதனை விளையாட்டின் விதிகளும் அவர்களுடையவை. 2010-இல் ராயல் சொசைட்டியின் உயிரியல் இதழ் ஒன்று அதை வெளியிட்டது, பிள்ளைகளின் சொற்களிலேயே, அவர்கள் வண்ணப் பென்சிலால் வரைந்த படங்களோடு. அந்தப் படங்களை உங்கள் வகுப்பில் ஒருமுறை காட்டுங்கள்.

திட்டம் முடிந்துவிட்டது, ஒரு குழு மட்டும் விட மாட்டேன் என்கிறது

இதற்கு மருந்து தேடாதீர்கள். புதிதாகப் பிறந்த கேள்வியைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பெயரும் தேதியும் போடச் சொல்லுங்கள். அளவு உருளையையும் ஸ்டாப்வாட்சையும் இன்னும் ஒரு வாரம் அவர்களிடமே இருக்க விடுங்கள். அடுத்த ஆண்டு வகுப்பின் முதல் நாள், பனிக்கட்டியை எடுப்பதற்கு முன், அந்தக் கடைசிப் பக்கங்களைப் புதிய பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுங்கள்.